டயாலிசிஸ் நோயாளிக்கு எது ‘நார்மல்’?

கிருஷ்ணகிரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் விடியற்காலையில் புறப்படும் பேருந்துகள் பெங்களூருவின் சாந்திநகர் நிலையத்துக்குப் போகும் வழியில் மருத்துவமனைக்குப் போகிறவர்களை ஒவ்வொரு நிறுத்தமாக இறக்கிவிட்டுக்கொண்டே வரும். மடிவாளாவில் சிலர் செயின்ட் ஜான்ஸுக்கு இறங்குவார்கள். டெய்ரி சர்க்கிள் பக்கம் இறங்குகிறவர்கள் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கும் நிம்ஹான்ஸுக்கும் போகிறவர்கள். இந்த இரண்டு நிறுத்தங்களையும் ஒட்டிக் கிடக்கும் பகுதிதான் அடுகோடி. பாஷ் என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பழைய ஆட்கள் மைக்கோ என்றே சொல்லும் வளாகமும், பால்பண்ணை ஆராய்ச்சி நிலையமும், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே டீக்கடையில் புழங்கும் தெருக்களுமாக இருக்கும் இடம். இங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் சிறுநீரகத்துக்கும் புற்றுநோய்க்கும் பெரிய மருத்துவம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்த நோயாளி மட்டும் ஒரு கட்டிடத்துக்கும் இன்னொரு கட்டிடத்துக்குமாக ஆட்டோ பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இவர்கள் எல்லோர் கையிலும் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். உள்ளே ஸ்கேன் உறை, மாத்திரைச் சீட்டு, ஊர் லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள். கிட்னி பழுதானவர்கள் வீட்டில் மருத்துவ மொழி தனி. “ரத்தத்துல உப்பு கூடிருச்சு” என்றால் யூரியாவும் கிரியேட்டினினும் ஏறிவிட்டன என்று பொருள். கிரியேட்டினின் ஏழு, எட்டு என்பதைத் தக்காளி விலை போல மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த எண்ணோடு வாழப் பழகிவிட்டார்கள். அவர்களைக் கலங்கடிப்பது வேறொன்று. ஏதோ ஒரு சந்தேகத்தில் எழுதிக் கொடுத்த ‘கேன்சர் மார்க்கர்’ பரிசோதனையின் முடிவு தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு வந்துவிட்டால், படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல் குடும்பமே ஒடுங்கிப்போகிறது. அந்த அம்புக்குறி பல நேரங்களில் பொய் சொல்கிறது. சில நேரங்களில், வரவேண்டிய அம்புக்குறி வராமலும் போகிறது. இரண்டாவது இன்னும் ஆபத்து.

இதற்குக் காரணத்தைப் புரிந்துகொள்ள, சிறுநீரகத்தை வடிகட்டி என்று மட்டும் நினைக்காமல் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஓடும் சின்னச் சின்னப் புரதங்களை உள்ளே இழுத்து உடைத்துக் கரைப்பதும் அதன் வேலை. புற்றுநோய்க் குறியீடுகள் என்று நாம் சொல்வதில் பல இத்தகைய புரதங்கள். அவற்றைப் புற்றுக்கட்டி மட்டும் சுரப்பதில்லை. நலமான உடலும் கொஞ்சம் சுரக்கிறது, சிறுநீரகம் அதைக் கழித்துக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் நின்றுவிட்டால் வரவு அதே அளவு இருக்க, செலவு மட்டும் நின்றுபோகும். இருப்பு ஏறத்தான் செய்யும். ஆய்வுக்கூடத்தின் இயந்திரத்துக்கு இருப்பு மட்டுமே தெரியும்.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் கதை இதை மற்ற எதையும்விடத் தெளிவாகக் காட்டும். எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணக்கிட, 2005-ல் வந்த சர்வதேச அளவுகோல் இந்தப் புரதத்தைத்தான் பெரிதும் நம்புகிறது. லிட்டருக்கு 3.5 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆறுதல், 5.5-ஐத் தொட்டால் மூன்றாம் கட்டம், அதாவது மிக மோசமானது. டயாலிசிஸில் பல ஆண்டு கழித்த, மைலோமாவே இல்லாத ஒருவரின் ரத்தத்தில் இதே புரதம் 20, 30 என்று இருப்பது சர்வசாதாரணம்.

அப்படி ஏறிக் கிடப்பதும் சும்மா இருப்பதில்லை. நீண்டகால டயாலிசிஸ் நோயாளிகளின் மணிக்கட்டிலும் தோளிலும் படிந்து, விரல் மரத்துப்போவதற்கும் தோள்வலிக்கும் காரணமாகும் படிவு இந்தப் புரதத்தால் ஆனது என்று 1985-ல் ஜப்பானின் நிகாட்டாவைச் சேர்ந்த கெஜ்யோவும் அவரது சகாக்களும் கண்டறிந்தார்கள். இரவில் கை மரத்து எழுந்து உட்காரும் நோயாளிக்கு, “வயசாகுது இல்லையா” என்ற பதிலே அதுவரை கிடைத்துவந்திருக்கும். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் டயாலிசிஸ் வடிகட்டியின் துளைகள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி கூர்மையானது. பெரிய துளை கொண்ட ‘ஹை-ஃப்ளக்ஸ்’ வடிகட்டிகள் பரவியதில் அதற்குப் பங்குண்டு. ஒரே புரதம்தான். புற்றுநோய் மருத்துவர் கையில் அது நோயின் கட்டத்தைச் சொல்லும் எண். சிறுநீரக மருத்துவர் கையில் டயாலிசிஸின் தரத்தைச் சொல்லும் எண். யாருடைய ரத்தம் என்று சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் கொடுத்தால் இருவருமே தவறலாம்.

சிஏ 125 இன்னொரு விசித்திரம். பெண்களின் சினைப்பைப் புற்றுநோயைப் பின்தொடரப் பயன்படும் குறியீடு. வயிற்றிலோ நுரையீரல் உறையிலோ நீர் கோத்தாலே இது ஏறும். டயாலிசிஸ் நோயாளிக்கு நீர் கோப்பது வழக்கமான தொல்லை. நம் நாட்டில் அதோடு வயிற்றுக் காசநோயும் சேர்ந்துகொள்ளும், அதுவும் சிஏ 125-ஐ உயர்த்தும். ஆக வயிறு உப்பிய, டயாலிசிஸில் இருக்கும் ஒரு பெண்ணின் தாளில் சிஏ 125 ஐந்து மடங்கு என்றால், அவருக்குச் சினைப்பையில் புற்று என்று முடிவுகட்ட அது போதாது. மாத்திரையால் குணமாகும் காசநோயாகவும் இருக்கலாம். இதே சிஏ 125-ஐ, வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் ஏற்றி இறக்கும் டயாலிசிஸ் முறையில், வெளியே வரும் திரவத்தில் அளக்கிறார்கள். அங்கே அதன் பொருள் தலைகீழ். வயிற்று உறையின் உயிரணுக்கள் நலமாக இருந்தால் அது இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல உறை தேய்ந்தால் குறையும். ரத்தத்தில் கூடினால் பயப்பட வேண்டிய பொருள், திரவத்தில் குறைந்தால் கவலைப்பட வேண்டியதாகிவிடுகிறது.

தமிழக வாசகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இந்த வயிற்று டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் அடக்கம். சாமனப்பள்ளியிலிருந்து பெங்களூரு எட்டும் தூரம். பை வீட்டுக்கு வருகிறது. அந்த நோயாளியின் ரத்தத்தாளைச் சரியாகப் படிக்கும் அறிவும் அதே பாதையில் வர வேண்டும்.

பொய்யாக ஏறுவதைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ பரிசோதனையை எடுத்துக்கொள்ளலாம். மொத்த பிஎஸ்ஏ டயாலிசிஸ் நோயாளியிடமும் ஓரளவு நம்பத்தக்கது, ஏனென்றால் அதன் பெரும்பகுதி வேறொரு புரதத்தோடு பிணைந்து, சிறுநீரகம் வடிகட்ட முடியாத பெரிய மூலக்கூறாக இருக்கிறது. சந்தேகமான அளவில் இருந்தால் மருத்துவர்கள் அடுத்துப் பார்ப்பது, பிணையாத பிஎஸ்ஏ மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று. அது அதிகமாக இருந்தால் புற்றுநோய் வாய்ப்புக் குறைவு என்று மூச்சு விடுவார்கள். பிணையாத பகுதி சிறிய மூலக்கூறு. சிறுநீரகம் செயலிழந்தவரிடம் அது வெளியேற வழியில்லாமல் தேங்கும், சதவீதம் கூடும். புற்றுநோய் இருக்கும்போதே ‘பயமில்லை’ என்ற தோற்றம் கிடைத்துவிடும். இந்தத் தாளில் தடித்த எழுத்தே இருக்காது என்பதால் யாரும் அதைத் திரும்பப் பார்க்கவும் மாட்டார்கள்.

கல்லீரல் புற்றுநோய்க்கான ஏஎஃப்பி மட்டும் பெரும்பாலும் சிறுநீரகப் பழுதால் அசையாமல் நிற்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றுகள் அதிகம் என்பதால், அவர்களுக்கு மிகவும் தேவைப்படும் குறியீடு கெடாமல் இருப்பது ஒரு நிம்மதி.

கித்வாய் போன்ற மருத்துவமனைகளின் வாசலில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். கருப்பைவாய்ப் புற்று முற்றிய நிலையில் கிராமத்துப் பெண்கள் வருவார்கள். கட்டி பரவி, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் இரண்டு குழாய்களையும் நெரித்திருக்கும். சிறுநீர் குறைந்து, கால் வீங்கி, ‘உப்பு’ ஏறிய பிறகே நோய் வெளியே தெரிந்தவர்களும் உண்டு. இந்த நோயைப் பின்தொடரப் பயன்படும் எஸ்சிசி என்ற குறியீடு சிறுநீரகப் பழுதாலும் ஏறக்கூடியது. முதுகு வழியாகக் குழாய் வைத்துச் சிறுநீரை வடித்த பிறகு எஸ்சிசி இறங்கினால், கட்டி கரைகிறதா, சிறுநீரகம் தேறுகிறதா? இரண்டையும் பிரித்துச் சொல்ல, கிரியேட்டினினையும் எஸ்சிசியையும் ஒரே வரியில் தேதியோடு எழுதி வைத்த பதிவுகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அப்படிப்பட்ட நோயாளிகள் மேலைநாடுகளில் குறைவு, நம்மிடம் அதிகம். அந்தப் பதிவை எழுதும் கடமையும் அதனால் நம்முடையதே.

‘நார்மல்’ என்ற சொல்லை மாற்றி எழுத முடியும் என்பதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. மைலோமாவைக் கண்டறிய ரத்தத்தில் கப்பா, லாம்டா என்ற இரு புரதச் சங்கிலிகளின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். நலமானவர்களை வைத்து வகுத்த எல்லை 0.26 முதல் 1.65 வரை. சிறுநீரகம் பழுதானவர்களில் பலர் மைலோமா இல்லாமலேயே இந்த எல்லையைத் தாண்டினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆய்வாளர்கள் சிறுநீரக நோயாளிகளையே தனியாக எடுத்து அளந்து, அவர்களுக்கான எல்லை 0.37 முதல் 3.1 வரை என்று 2008-ல் வெளியிட்டார்கள். பெரிய இயந்திரமோ புதிய மருந்தோ தேவைப்படவில்லை. யாரை அளப்பது என்ற கேள்வியை மாற்றிக் கேட்டதுதான் வேலை. பின்னர் ஐஸ்லாந்தில், 40 வயது தாண்டிய 75,000-க்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைச் சோதித்த ஒரு பேராய்வு, சிறுநீரகத்தின் திறன் படிப்படியாகக் குறையும்போது இந்த எல்லை எப்படி நகர்கிறது என்பதையும் காட்டியது. ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே 4 லட்சத்தை ஒட்டித்தான். கோடிக்கு மேல் மக்கள் வாழும் பெங்களூருவுக்கு ஆள் போதவில்லை என்ற சாக்கு எடுபடாது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: டயாலிசிஸே ஒரு போராட்டம், அதில் புற்றுநோயைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா? அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 8,31,804 டயாலிசிஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் என்று அது சொன்னது. இளவயதினரிடம் வித்தியாசம் இன்னும் கூடுதல். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, தைராய்டுப் புற்றுகள் குறிப்பாகக் கூடியிருந்தன. செயலிழந்து சுருங்கிய சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி, அவற்றில் சில புற்றாக மாறுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த எட்டு லட்சத்தில் இந்தியர் கணக்கு இல்லை. நம் நோயாளிகளின் வயது, தொற்றுகள், புகையிலைப் பழக்கம், டயாலிசிஸ் செய்துகொள்ளும் முறை எல்லாமே வேறு.

அந்த முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பது உலகம் ஏற்ற கணக்கு. நம் நாட்டில் ஏராளமானோர் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2016 பட்ஜெட் உரையில் அருண் ஜெட்லி தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது, ஆண்டுக்கு 2.2 லட்சம் பேர் சிறுநீரகச் செயலிழப்பின் கடைசிக் கட்டத்துக்குப் புதிதாக வருகிறார்கள், ஒரு முறைக்குச் சுமார் 2,000 ரூபாய் ஆகிறது, தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது என்றார். அதன் பிறகு மாவட்ட மருத்துவமனைகளில் இயந்திரங்கள் வந்திருக்கின்றன, ஏழைகளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் பேருந்துச் செலவும், கூட வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலியும் மூன்றாவது தடவையைத் தின்றுவிடுகின்றன.

இதனால் ஆராய்ச்சி முடிவுகளை இறக்குமதி செய்வதில் ஒரு சிக்கல் வருகிறது. 2023-ல் ஐரோப்பாவில் 1,360 நோயாளிகளிடம் நடந்த ‘கன்வின்ஸ்’ ஆய்வு, ரத்தத்தைக் கூடுதலான திரவத்தோடு வடிக்கும் புதிய முறையில் இறப்பு 21.9 சதவீதத்திலிருந்து 17.3 சதவீதமாகக் குறைகிறது என்று கண்டது. அருமையான ஆய்வு. அதில் இருந்தவர்கள் வாரம் மூன்று முறை, உயர்தர வடிகட்டியில் சுத்திகரிப்பு செய்துகொண்டவர்கள். வடிகட்டியைக் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்தி, வாரம் இரண்டு முறை மட்டும் வரும் தருமபுரிக்காரருக்கு இந்த முடிவு எந்த அளவுக்குப் பொருந்தும்? அவரை வைத்து ஆய்வு செய்தவர்களிடம் மட்டுமே அதற்குப் பதில் இருக்கும். புற்றுநோய் மருந்து ஆய்வுகளிலோ நிலைமை இன்னும் மோசம். கிரியேட்டினின் ஒரு அளவைத் தாண்டினால் பெரும்பாலான ஆய்வுகள் அந்த நோயாளியைச் சேர்ப்பதே இல்லை. மருந்து சந்தைக்கு வந்த பிறகு அதே நோயாளிக்கு எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் அனுமானத்தில் முடிவெடுக்கிறார்.

பெங்களூருவைக் குறிப்பிட்டுப் பேசக் காரணம் உண்டு. கித்வாய் 1973-ல் தொடங்கியது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் மும்பை, சென்னையோடு பெங்களூருவும் 1982-லிருந்து மக்கள்தொகை அடிப்படையில் ஒவ்வொரு புற்றுநோயையும் கணக்கெழுதி வருகிறது. நாடு முழுவதுமுள்ள அந்தப் பதிவேடுகளை ஒருங்கிணைக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) மையமும் இதே நகரில் இருக்கிறது. சிறுநீரகப் பக்கம் அப்படி ஒரு கணக்கு இல்லை. இந்தியச் சிறுநீரகவியல் சங்கத்தின் பதிவேடு 52,273 நோயாளிகளின் விவரத்தை 2012-ல் வெளியிட்டது. 31 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயால் பழுது, 16 சதவீதம் பேருக்குக் காரணமே தெரியவில்லை. மதிப்பு மிக்க வேலைதான், ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களில் மருத்துவர்கள் தாமாக முன்வந்து எழுதியவர்கள் மட்டுமே அதில் உண்டு. ஒரு ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் எல்லோரின் பெயரும் ஒரு பட்டியலில் இருந்து, அதைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு, அடையாளங்களைப் பாதுகாத்து, ஒத்துப்பார்த்தால் ‘லான்செட்’ ஆய்வின் இந்தியப் பதிப்பு கிடைத்துவிடும். பெங்களூருவில் அதற்குப் பாதி வேலை 40 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தமிழகத்திலும் மாநிலம் முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவு நடக்கிறது. ஓசூர் சாலை நோயாளிகள் மாநில எல்லை பார்த்து வருவதில்லை என்பதால் இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

இதைச் சொல்லும்போதே எதிர்ப்பக்க எச்சரிக்கையும் தேவை. ‘முழு உடல் பரிசோதனை’ விளம்பரங்களில் நான்கைந்து கேன்சர் மார்க்கர்களை இலவச இணைப்பு போலச் சேர்த்து விற்கும் பழக்கம் பெருகிவிட்டது. அறிகுறி ஏதும் இல்லாத டயாலிசிஸ் நோயாளிக்கு இவற்றை எடுப்பது பணத்தையும் தூக்கத்தையும் பறிப்பதோடு சரி. ஆயுள் எதிர்பார்ப்புக் குறைந்த டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, அறிகுறி இல்லாத நிலையில் வழக்கமான புற்றுநோய்ப் பரிசோதனைகளே வேண்டாம் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2012-லேயே அறிவுறுத்தியது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் கதை வேறு. அவருக்குப் பரிசோதனை அவசியம். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்ட எளிய பரிசோதனை எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி காட்டியிருக்கிறார். அவரது அறக்கட்டளைப் பணியாளர்கள் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய், ஒரு சொட்டு அமிலத்தில் சிறுநீர் கலங்குகிறதா என்று பார்த்தார்கள், ரத்த அழுத்தம் அளந்தார்கள், மலிவான மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீரில் புரதம் என்ற அந்தப் பழைய குறியீட்டுக்கு இன்றைய விலையுயர்ந்த பரிசோதனைகள் பலவும் ஈடாகாது.

சிறுநீரில் புரதம் பார்த்ததில்தான் புற்றுநோய்க் குறியீடுகளின் வரலாறே தொடங்குகிறது. 1845-ல் லண்டனில் வில்லியம் மாகின்டயர் என்ற மருத்துவர், எலும்பு வலியால் துடித்த ஒரு வணிகரின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். வழக்கமான புரதம் சூட்டில் உறையும்; இது கொதிக்கக் கொதிக்கக் கரைந்து, ஆறினால் மறுபடி உறைந்தது. குழம்பிப்போன அவர் அதை ஒரு குப்பியில் ஊற்றி, வேதியியல் தெரிந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பினார். சிறுநீர் எப்படி நடந்துகொள்கிறது என்ற விவரமும், இது என்ன என்ற கேள்வியும் கூடவே போயின. உலகின் முதல் புற்றுநோய்க் குறியீடு என்று இன்று சொல்லப்படும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் அப்படித்தான் பெயர் பெற்றது. அந்த வணிகருக்கு இருந்தது மைலோமா.

இன்று ரத்தக் குப்பிகள் குளிர்பெட்டியில் ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கு ஒரே இரவில் வந்துவிடுகின்றன. கூட வரும் படிவத்தில் பெயர், வயது, பாலினம், பார்கோடு. அதில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும். டயாலிசிஸ் உண்டா, எத்தனை ஆண்டாக, வாரம் எத்தனை முறை, கடைசியாக எந்தத் தேதியில், ரத்தம் எடுத்தது அதற்கு முன்பா பின்பா, ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் இன்னும் கழிகிறது. டயாலிசிஸ் அறையில் ஊசி குத்தும் டெக்னீஷியனுக்கு இவை அத்தனையும் தெரியும். அவரிடம் ஒரு பேனா போதும்.